பொன்னாடை வாங்காத வருஷம்

மலேசியாவில், கிள்ளான் நகரில் நான் பொருளாதாரம் கற்பித்த கல்லூரி ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. கீழே சேலை, மேலே பட்டப்படிப்பு. கடை வாசலை ஒட்டியே எங்கள் படிக்கட்டு ஏறியதால், கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர்கள் சில நேரம் வழிதவறி என் வகுப்பறைக் கதவைத் திறந்து, "பிளவுஸ் பிட் மேல இருக்குன்னாங்களே?" என்று கேட்பார்கள். கல்லூரி என்றதும் மரமும் மைதானமும் உங்கள் மனதில் வந்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். எங்களுக்கு இருந்தது சுண்ணாம்பு உதிரும் சில அறைகள், அடிக்கடி மக்கர் செய்யும் ஒரு ஃபேக்ஸ் இயந்திரம், ஜன்னலைத் திறந்தால் தெரு நெடுக இன்னும் நாலைந்து சேலைக்கடைகள். அவ்வளவுதான்.

ஆனால் அந்த மாடியில் ஆனர்ஸ் பட்டம் வாங்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தோடு எங்களுக்கு ஒப்பந்தம் இருந்தது. பாடத்திட்டமும் பட்டமும் அவர்களுடையவை. பாடம் நடத்துவது நாங்கள். அந்த மாதிரிக் கல்லூரிகளில் பெரும்பாலும் கடைசி வருஷத்துக்கு மாணவர்கள் விமானம் ஏறியே ஆகவேண்டும். எங்களிடம் அந்தக் கடைசி ஆனர்ஸ் வருஷத்தையும் கிள்ளானிலேயே முடித்துவிடலாம். லோரி ஓட்டுநர்களின் பிள்ளைகளும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளும் எங்களைத் தேடி வந்தது அதற்காகத்தான். நன்றாகப் படித்தவர்களை மட்டும் ஆனர்ஸுக்கு எடுப்போம். அவர்கள் சொந்தமாக ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். வருஷக் கடைசியில் இங்கிலாந்திலிருந்து வெளித்தேர்வாளர் ஒருவர் வருவார். அவர் முன்னால் உட்கார்ந்து, எழுதியதைப் பற்றி அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வெளித்தேர்வாளருக்குப் பொன்னாடை வாங்குவது என் பொறுப்பு. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்குப் பட்டுக்கும் பாலியஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் விரிவுரையாளர்களில் நான் ஒருத்திதான் பெண் என்பதால், துணி சம்பந்தமான எல்லாம் என் தலையில் விழுந்தது. இதில் எனக்கு இருந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தவர் வயதான வெள்ளைக்காரர், தங்கமான மனிதர். அவர் வரும் நாள் எங்களுக்குத் திருவிழா. படிக்கட்டின் அடியில் நாதஸ்வரம், மேலே ஆரத்தி, கழுத்தில் ஆளுயர மாலை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான எங்கள் முதல்வர் வரவேற்புரை ஆற்றுவார். கல்லூரியின் தலைவர் பொன்னாடை போர்த்துவார். தலைவர் ஒரு பெரிய வியாபாரி, கோயில் கமிட்டியிலும் அவர்தான் தலைவர், அப்போதுதான் சுல்தானிடம் டத்தோ என்ற கௌரவப் பட்டம் வாங்கியிருந்தார். பிறகு வாழையிலைச் சாப்பாடு. பாயசம் இரண்டு தரம். வாய்மொழித் தேர்வு அதற்குப் பின்தான், உச்சி வெயிலில், மின்விசிறி மெதுவாகச் சுற்றும் அறையில் நடக்கும். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்? "இந்தப் படிப்பு உனக்குப் பிடித்திருந்ததா?" என்று ஒவ்வொரு மாணவரிடமும் கேட்பார். பதில் முடிவதற்குள் அவர் கண் சொக்கிவிடும். எல்லோருக்கும் ஒரே மாதிரி இரண்டாம் வகுப்பு. யாரும் தோற்றதில்லை, யாரும் முதல் வகுப்பு வாங்கியதும் இல்லை. இங்கிலாந்து திரும்பியதும் எங்களை வானளாவப் புகழ்ந்து எழுதி அனுப்புவார்.

அவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த ஃபேக்ஸில் புகழ்ச்சி இல்லை. உங்கள் ஆனர்ஸ் மாணவர்கள் அனைவரும் வருஷா வருஷம் ஒரே தரம் பெறுவது எங்களுக்கு விளங்கவில்லை, இந்த முறை வேறொருவர் வந்து முழுத் திட்டத்தையும் மதிப்பிடுவார், அவர் திருப்தி அடையாவிட்டால் கடைசி வருஷத்தை இனி கிள்ளானில் நடத்த அனுமதி இல்லை என்று மரியாதையான ஆங்கிலத்தில் சொல்லியிருந்தார்கள். அனுமதி போனால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட இங்கிலாந்து போய்ப் படிக்க வழியில்லை. கீழ் வகுப்புகளில் இருந்தவர்கள் பாதிப் படிப்போடு வீட்டுக்குப் போவார்கள்.

அவசரக் கூட்டம் கூடியது. முதல்வர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். டத்தோ மட்டும் கலங்கவில்லை.

"புதுசா வர்றது ஒரு அம்மாவாம். கவலையே படாதீங்க. இந்தத் தடவ சால்வைய நல்லா பெருசா வாங்கிருவோம். பட்டுச் சேலையும் ஒண்ணு சேத்துக் கொடுத்தா முடிஞ்சுச்சு லா," என்றார்.

எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. "டத்தோ, நம்ம வியாதியே அந்தச் சால்வதான்," என்றேன். "கழுத்துல மாலைய போட்டு, வயிறு முட்டச் சோத்தப் போட்டு, அப்புறம் எங்கள நல்லா சோதிச்சுப் பாருங்கன்னா யாரு சோதிப்பாங்க? வீட்டுக்கு வந்து விருந்து சாப்பிட்ட சம்பந்தியா நம்ம பிள்ளைக்குப் பரீட்ச வைப்பாரு?"

டத்தோவிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்களே எடுத்து நடத்துங்க மிஸ். நல்லா வந்தா சந்தோஷம். வரலேன்னா நீங்களே அந்தப் பிள்ளைங்களுக்குப் பதில் சொல்லுங்க," என்றார். முதல்வர் அவசரமாகத் தலையாட்டினார். பொறுப்பு என் தலையில் ஏறிவிட்டது. வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

மதிப்பீட்டை நான் எங்களிடமிருந்தே ஆரம்பித்தேன். முன்பு ஆனர்ஸ் முடித்து வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள் சிலரிடம் தொலைபேசியில் பேசினேன். அந்தக் கடைசி வருஷத்தில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். யோசித்து யோசித்து ஒருவன், "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு மிஸ்," என்றான். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்த வருஷத்து மாணவர்களை ஒருவர் பின் ஒருவராக உட்கார வைத்து, நானே வெளித்தேர்வாளராக வேஷம் போட்டு ஒரு ஒத்திகை வைத்தேன். வேண்டுமென்றே தப்புத் தப்பாகச் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் எழுதியது சரியாக இருந்த இடங்களில் எல்லாம், அது தப்பு என்று அடித்துச் சொன்னேன்.

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். "எஸ் மிஸ்." "சாரி மிஸ், மாத்திடறேன் மிஸ்."

என் கோபத்தை உச்சிக்குக் கொண்டுபோனவள் பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து வந்த ஒரு பெண். வகுப்பிலேயே கூர்மையானவள். அவள் அம்மா பாசார் மாலாமில், அதாவது வாரம் ஒரு இடமாகக் கூடும் இரவுச் சந்தையில், சாரோங்கும் நைட்டியும் விற்பவர். அந்தச் சந்தையைப் பற்றித்தான் இவள் ஆய்வேடு. ஒரே சரக்கு விற்பவர்கள் ஏன் தள்ளித் தள்ளி உட்காராமல் பக்கத்துப் பக்கத்தில் கடை போடுகிறார்கள் என்பது அவள் கேள்வி. தனியாக உட்கார்ந்தவரைவிட, போட்டிக் கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் வியாபாரம் அதிகம் என்று சந்தை சந்தையாகப் போய்க் கண்டுபிடித்திருந்தாள். அருமையான வேலை. நான் உதட்டைப் பிதுக்கி, "இது தப்பு. போட்டியாளர்கள் விலகி இருப்பதுதான் லாபம்," என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா மிஸ். நான்தான் சரியா பாக்கல. அந்த அத்தியாயத்த எடுத்துடறேன் மிஸ்."

"ஒரு வருஷமா மழையில நனைஞ்சு பாத்தத ஒரு நொடியில தூக்கிப் போடறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று கத்திவிட்டேன்.

"மிஸ் சொன்னா சரியாத்தானே இருக்கும்," என்றாள், கண் கலங்க.

அன்று பேருந்தில் பிரிக்பீல்ட்ஸ் திரும்பும்போது எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பிள்ளைகள் மக்குகள் இல்லை. பெரியவர்கள் சொன்னதை மறுத்துப் பேசுவது திமிர் என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்த்தவர்கள் நாம். மேலிருப்பவருக்கு மாலை போடு, எதிர்த்துப் பேசாதே என்பதுதான் எங்கள் கல்லூரியின் உண்மையான பாடத்திட்டம். ஆனர்ஸ் தேர்வு கேட்பதோ நேர் எதிர். இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை.

யோசனை வந்தது சால்வையால்தான். நான் எவ்வளவு சொல்லியும் டத்தோ விடவில்லை. முதல்வர் வழியாகச் சொல்லி அனுப்பினார்: வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது நம் வழக்கமில்லை, சால்வையை இப்போதே வாங்கி வையுங்கள். வேண்டா வெறுப்பாகக் கீழே கடைக்கு இறங்கினேன். துணி தெரிந்தவளாயிற்றே என்று காப்பார் பெண்ணையும் துணைக்குக் கூட்டிப் போனேன்.

கடைக்காரர் பளபளக்கும் ஒரு சால்வையைக் கண்ணாடி மேசைமேல் விரித்தார். "அசல் ஜரிகை மிஸ். டத்தோ கடைசிப் பொண்ணு கல்யாணத்துக்கு இதத்தான் வாங்குனாரு."

நான் தலையாட்டப் போனேன். அதற்குள் காப்பார் பெண் சால்வையின் பின்பக்கத்தைப் புரட்டி, ஒரு ஜரிகை இழையை நகத்தால் சுரண்டினாள். "அண்ணே, உள்ள வெள்ள நூல்தானே இருக்கு? அசல்னா சிவப்புப் பட்டு நூல் இருக்கணும்."

"இல்ல தங்கச்சி, இப்பல்லாம் அப்படித்தான் வருது."

"வராதுண்ணே. எங்கம்மாவும் துணி விக்கிறவங்கதான். இதுக்கு நீங்க சொல்ற வெல நியாயமே இல்ல."

அவர் ஒன்று சொன்னார், இவள் இரண்டு சொன்னாள். அவர் குரலை உயர்த்தினார். இவள் உயர்த்தவில்லை. சிரித்த முகத்தோடு ஓரங்குலம்கூட நகராமல் நின்றாள். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் துணியையே சாட்சியாகக் காட்டினாள். கடைசியில், "பரவால்லண்ணே, பக்கத்துக் கடையில பாத்துக்கறோம்," என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "தங்கச்சி, நில்லு, நில்லு!" என்று அவர் பின்னாலேயே வந்து கூப்பிட்டார். இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் அந்த நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். முந்தின நாள் என் முன்னால் தலைகுனிந்து கண் கலங்கிய அதே பெண்ணா இது?

"ஏம்மா, அந்தக் கடைக்காரரு உன்னைவிடப் பெரியவர்தானே? அவர எப்படி எதுத்துப் பேசின?"

"அது வேற மிஸ், அது வியாபாரம்." அவளுக்கு என் கேள்வியே விநோதமாக இருந்தது. "அவரு கோவிச்சுக்க மாட்டாரு. கேக்காம சொன்ன வெலைக்கே வாங்கினாத்தான் நம்மள மதிக்க மாட்டாரு."

தெரு என்றும் பார்க்காமல் அவளைக் கட்டிக்கொண்டேன். "வரப்போற அந்தம்மாவும் அதுக்குத்தான் வராங்க," என்றேன். "உன் சரக்க வெல பேச வராங்க. தப்பு தப்புன்னு தட்டிப் பாப்பாங்க. நீ உடனே கொடுத்துட்டா உன்ன மதிக்கவே மாட்டாங்க." அவள் என்னை விழித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள். சால்வை வாங்காமலேயே மேலே போனோம்.

அதன்பிறகு எங்கள் ஆனர்ஸ் வகுப்பு தலைகீழாக மாறியது. வாரம் ஒரு மத்தியானம் அவரவர் ஆய்வேட்டைச் சந்தைச் சரக்காக வைத்து விற்க வேண்டும். மற்றவர்கள் வாங்க வந்தவர்கள். குறை சொல்ல வேண்டும், மட்டம் தட்ட வேண்டும், பாதியில் எழுந்து போகவும் செய்யலாம். விற்பவர் சிரித்த முகத்தோடு கையில் உள்ள சாட்சியைக் காட்டித் தடுக்க வேண்டும். உண்மையிலேயே சரக்கில் ஓட்டை இருந்தால் அதை ஒத்துக்கொண்டு, மறு வாரம் தைத்துக்கொண்டு வரவேண்டும். முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு பழகியது. பிறகு என்னையும் கேள்வி கேட்காமல் விடவே மாட்டேன் என்றார்கள். என் பாடக் குறிப்பில் இருந்த ஒரு பிழையைக் காப்பார் பெண் எழுந்து நின்று சொன்ன நாளில் எனக்குக் கோபமும் பெருமையும் சேர்ந்தே வந்தன.

இன்னொன்றும் செய்தேன். விரிவுரையாளர்கள் இருவர் ஒருவரையொருவர் மறுத்துப் பேசி இந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. எங்கள் புள்ளியியல் ஆசிரியர் சாது, இருக்கிற இடம் தெரியாது. அவரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்து, மாணவர்கள் முன்னாலேயே இருவரும் ஒரு கட்டுரையைப் பற்றி மோதினோம். அவருக்குள் அவ்வளவு சூடு இருந்ததை அன்றுதான் கண்டேன். சத்தம் கேட்டு முதல்வர் ஓடி வந்து, "ஐயோ, பிள்ளைங்க முன்னால வேணாம் சார், ஆபீஸ்ல பேசித் தீத்துக்குவோம்," என்று இருவருக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார். வகுப்பு முழுதும் சிரித்தது. அவருக்கு விளங்க வைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

கடைசிச் சண்டை டத்தோவோடு. தேர்வு காலையில், வெறும் தேநீரோடு நடக்கும், மாலை, ஆரத்தி, சாப்பாடு எதுவும் அதற்கு முன்னால் கிடையாது என்றேன். அவர் முகம் வாடிப்போனது. அந்த மனிதருக்கு உபசரிப்பதுதான் சந்தோஷம், அதில் வஞ்சனை ஒன்றும் இல்லை. "எல்லாம் முடிஞ்சு அந்தம்மா தீர்ப்பு சொன்ன பிறகு நீங்க என்ன வேணா போடுங்க டத்தோ, நானே கைதட்டறேன்," என்று சொன்னதும்தான் ஒருவழியாகத் தலையசைத்தார்.

அந்த நாள் வந்தது. காலையில் நான் கல்லூரிக்குள் நுழையும்போதே படிக்கட்டின் அடியில் நாதஸ்வரக்காரர் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் தவில். டத்தோவுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, எதிர் கடையில தே தாரேக் குடிச்சுக்கிட்டு இருங்க, நான் கூப்பிடாம வாசிக்காதீங்க," என்று இருவரையும் கிளப்பிவிட்ட அடுத்த நிமிஷம் டாக்சி வந்து நின்றது. இறங்கியவர் நெட்டையான, ஒல்லியான அம்மையார். கையில் ஆய்வேடுகள், ஒவ்வொன்றிலும் பென்சில் குறிப்புகள். சேலைக்கடை வாசலையும் எங்கள் படிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நேராக மேலே ஏறினார். தேநீரைக்கூடப் பாதிதான் குடித்தார்.

அவர் தன் பென்சில் குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, விடாமல் கேள்வி கேட்டார். முதலில் போன பையனின் ஆய்வேட்டில் ஆதாரம் போதாத இடத்தைச் சரியாகத் தொட்டுவிட்டார். அவன் ஒத்துக்கொண்டு தன் ஓட்டையை நேர்மையாகச் சொன்னான். அடுத்தவர்கள் நின்றார்கள், தடுமாறினார்கள், திரும்ப நின்றார்கள். ஆனால் ஒருவர்கூட வாயை மூடிக்கொண்டு தலையாட்டவில்லை. கடைசியாகக் காப்பார் பெண் உட்கார்ந்தாள். பேச்சு ஆங்கிலத்தில்தான். எனக்கு நினைவிருக்கிறபடி இங்கே தமிழில் சொல்கிறேன்.

"உங்கள் வியாபாரிகள் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவது அவர்கள் விருப்பத்தால் இல்லையே," என்றார் அம்மையார். "நகராட்சி அப்படி இடம் ஒதுக்கியிருக்கலாம். அப்படியானால் உங்கள் முடிவு நிற்காது."

அவள் தலை மெல்லக் குனிந்தது. "எஸ் மேடம்," என்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவள் நிமிர்ந்தாள். அந்தச் சிரிப்பு முகத்துக்கு வந்தது. கடைக்காரரிடம் பார்த்த அதே சிரிப்பு. "இடம் ஒதுக்குவது நகராட்சிதான் மேடம். ஆனால் ஒதுக்கிய இடத்தில் யாரும் இருப்பதில்லை. தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். என் அம்மாவுக்குக் கிடைத்தது சாத்தே இறைச்சி சுட்டு விற்பவருக்குப் பக்கத்தில். அதை விட்டுக்கொடுத்துவிட்டு, தன்னைப்போலவே சாரோங் விற்கும் இன்னொருவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்."

"ஓர் அம்மா ஆதாரமாக முடியாது."

"அதனால்தான் மற்ற சந்தைகளிலும் கேட்டேன், மேடம். எங்கும் அதே மாற்றம்." பக்கத்தைப் புரட்டி அவர் முன்னால் நகர்த்தினாள்.

"எதிரிக்குப் பக்கத்தில் ஏன் போய் உட்கார வேண்டும்?"

"பக்கத்தில் இன்னொரு கடை இருந்தால்தான் வாங்க வருபவர் தைரியமாக நிற்பார். பிடிக்காவிட்டால் நகர்ந்துவிடலாம் என்று தெரிந்தால்தான் வருவார். தனிக்கடைக்கு ஆளே வருவதில்லை, மேடம்."

அவர் வேறு பக்கமிருந்து வந்தார். அவள் அங்கேயும் நின்றாள். ஒரு கட்டத்தில் இருவருமே மேசைமேல் குனிந்து ஒரே வரைபடத்தில் விரலை வைத்து வாதாடினார்கள். நானும் புள்ளியியல் ஆசிரியரும் அறையில் இருப்பதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். கடைசியில் அம்மையார் பேனாவை மூடினார். "இன்னும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பக்கத்துக் கடை இருந்தால்தான் வாங்க வருபவருக்குத் தைரியம் என்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை," என்றார். "அதில் தப்பில்லை மேடம்," என்று அவள் அமைதியாகச் சொன்னாள். எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது.

மத்தியானம் பெரிய வகுப்பறையில் எல்லோரும் கூடினோம். டத்தோவும் பெரிய பையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அம்மையார் எழுந்து தரங்களைச் சொன்னார். முதலில் போன பையன் சில பகுதிகளைத் திருத்தி எழுதித் தர வேண்டும். மற்றவர்களுக்கு ஒருவருக்கொருவர் மாறுபட்ட தரங்கள். காப்பார் பெண்ணின் தரத்தையும் கடைசி வருஷத்துக்கான அனுமதியையும் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும், மாலைக்குள் சொல்கிறேன் என்றார்.

டத்தோவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தீர்ப்பு வந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டு, பையிலிருந்து சால்வையை உருவிக்கொண்டு அம்மையாரிடம் போனார். நான் தடுக்க எழுந்தேன். எனக்கு முன்னால் காப்பார் பெண் எழுந்துவிட்டாள். அவள் கண் சால்வையில் இருந்தது. நாங்கள் வேண்டாம் என்று விட்டுவந்த அதே சால்வை.

"டத்தோ, ஒரு நிமிஷம். இது கீழ் கடையில வாங்கினதா? அசல் ஜரிகை இல்ல டத்தோ."

"என்னம்மா பேசற? அசல்னு சொல்லித்தானே கேட்ட வெலயக் கொடுத்தேன்!"

"இல்ல டத்தோ. உங்கள ஏமாத்திட்டாங்க."

முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். டத்தோ அவளையே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இதத்தான் சொல்லிக் கொடுத்தீங்களா மிஸ்?"

"ஆமா டத்தோ," என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் சால்வையை முகத்துக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். உதடு துடித்தது. பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "வா புள்ள, எங்கூட கீழ வா. நீயே அவன்கிட்ட பேசு."

அவள் முன்னால், டத்தோ பின்னால், அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் படியிறங்கினோம். என்ன நடக்கிறது என்று அம்மையார் கேட்க, நான் படியிலேயே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கடைவாசலில் கைகட்டி நின்று கவனித்தார். அவள் இழையைச் சுரண்டிக் காட்டினாள். கடைக்காரர் மறுத்தார். இவள் சிரித்த முகத்தோடு நின்றாள். பேச்சு முற்றும்போது பக்கத்துச் சேலைக்கடை அம்மா வாசலுக்கு வந்து, "தங்கச்சி, இங்க வாங்க, அசல் நான் தரேன்!" என்று குரல் கொடுத்தார். அதற்கடுத்த கடைக்காரரும் வெளியே வந்தார். அவ்வளவுதான், நம் கடைக்காரர் பதறிப்போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து வேறொரு சால்வையை எடுத்து, அதே விலைக்கு அவள் கையில் வைத்தார். அவள் சுரண்டினாள். உள்ளே சிவப்பு நூல்.

அம்மையார் வரிசையாக நின்ற சேலைக்கடைகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததை அன்று முதல் முறையாகப் பார்த்தோம்.

"இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன்," என்று அவளிடம் சொன்னார். "முதல் வகுப்பு." எங்கள் கல்லூரி முதன்முறையாக வாங்கிய முதல் வகுப்பு அது. பிறகு என் பக்கம் திரும்பினார். "கடைசி வருஷம் இங்கேயே இருக்கட்டும். இவளைப் போன்றவர்களை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய் நாங்கள் எதைக் காட்டுவது?"

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டத்தோவுக்கு ஆங்கிலம் முழுதாகப் புரிந்ததா தெரியவில்லை, ஆனால் என் முகம் புரிந்துவிட்டது. அசல் சால்வையைப் பிடித்தபடி, போடலாமா என்று கண்ணாலேயே என்னைக் கேட்டார். நான் தலையசைத்தேன். நெட்டையான அம்மையார் அவருக்கு எட்டும்படி குனிந்துகொண்டார். எதிர் கடையில் தேநீரோடு காலையிலிருந்து காத்திருந்த நாதஸ்வரக்காரர், சால்வை ஏறுவதைக் கண்டதும் நான் கூப்பிடட்டும் என்று நிற்கவில்லை. தவில் முழங்கத் தெருவைக் கடந்து வந்தார். சேலைக்கடை வாசல்களில் எல்லாம் ஆட்கள் கூடிவிட்டார்கள். டத்தோவிடம் கொடுத்த வாக்குப்படி நானும் கை வலிக்க வலிக்கத் தட்டினேன்.